என் மகள் திருத்திய நோட்டுகள்

ஐந்தாம் வகுப்பு தொடங்கி இரண்டாவது வாரம் அது. பள்ளி வேன் விளாங்குடியில் எங்கள் தெருமுனையில் இறக்கிவிட்டதும் என் மகள் வீடு வரைக்கும் ஓட்டமாகவே வந்தாள். ஷூவைக்கூடக் கழற்றாமல் வலது கையை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் சிவப்பு மை.

“அம்மா, மிஸ் என்னைய குட்டி மிஸ் ஆக்கிட்டாங்க!”

விசாரித்ததில் விஷயம் இதுதான். வகுப்பில் கணக்குக் கொடுத்தால் எல்லாருக்கும் முன்னால் முடித்துவிடுகிறாள். முடித்துவிட்டுச் சும்மா இருப்பதில்லை, பக்கத்தில் இருக்கிற பிள்ளைகளிடம் பேச்சுக் கொடுக்கிறாள். மிஸ் யோசித்துப் பார்த்துவிட்டு, தன் மேஜைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு, சிவப்புப் பேனாவைக் கையில் கொடுத்து, மற்றவர்களின் கணக்கு நோட்டையெல்லாம் திருத்தச் சொல்லிவிட்டார். நாற்பத்து மூன்று நோட்டு. இனி தினமும் அவள்தான் திருத்துவாளாம்.

என் வீட்டுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. மகளின் கையை அப்படியே போட்டோ எடுத்து வாட்ஸப் ஸ்டேட்டஸில் வைத்தார். அரை மணி நேரத்துக்குள் சொந்தக்காரர்கள் எல்லாரும் கைதட்டும் பொம்மைகளை அனுப்பி முடித்திருந்தார்கள். நான் அடுப்படியில் தோசைக்கல்லோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். கரண்டி விழுந்த சத்தத்தில் அவர் எட்டிப் பார்த்தார்.

“என்ன, இம்புட்டு கோவம்? புள்ளைக்கு எம்புட்டு பெரிய மரியாதை குடுத்திருக்காங்க!”

அந்த மரியாதையை நான் ஐந்து வருஷம் அனுபவித்தவள். அதனால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நான் படித்தது நகருக்குள் இருக்கும் ஒரு மிஷன் பள்ளியில். அப்பா அதே பள்ளி ஆபீசில் கிளார்க். ஆறாம் வகுப்பில் என் கையில் சிவப்புப் பேனாவைக் கொடுத்தார்கள், பத்தாம் வகுப்பு முடியும்வரை அது என்னிடமே இருந்தது. நோட்டுத் திருத்துவேன். டீச்சர் தேர்தல் வேலைக்கோ பயிற்சிக்கோ போய்விட்டால் போர்டில் கணக்கை எழுதிப் போட்டு வகுப்பு எடுப்பேன். மக்குப் பிள்ளைகள் என்று டீச்சர் பிரித்துக் கொடுத்த எட்டுப் பேருக்கு மதியச் சாப்பாட்டு நேரத்தில் வாய்ப்பாடு சொல்லிக் கொடுப்பேன். எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. பன்னிரண்டு வயதில் அதிகாரம் கையில் கிடைத்தால் யாருக்குத்தான் பிடிக்காது?

“உங்க பொண்ணு இருக்கறதால எனக்குப் பாதி வேலை மிச்சம் சார்” என்று டீச்சர் ஆபீஸ் பக்கம் வரும்போதெல்லாம் அப்பாவிடம் சொல்வார். அப்பா அதை இரவுச் சாப்பாட்டின்போது வரி மாறாமல் அம்மாவிடம் ஒப்பிப்பார். டீச்சருக்கு வேலை மிச்சமானது சரி, அந்த நேரத்தில் இந்தப் பிள்ளை என்ன கற்றுக்கொண்டது என்று வீட்டிலும் யாரும் கேட்கவில்லை, பள்ளியிலும் யாரும் கேட்கவில்லை. ஜூன் மாதம் எனக்கு என்ன தெரிந்திருந்ததோ அதுதான் ஏப்ரல் மாதமும் தெரிந்திருந்தது. பந்தியில் ஒரு பிள்ளை பசியோடு நிற்கிறது. நன்றாகப் பரிமாறுகிறாள் என்று சொல்லி வாளியைக் கையில் கொடுத்து, கடைசிப் பந்தி வரைக்கும் ஓட விடுகிறார்கள், இலை போட்டு உட்காரச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. என்னைக் கெட்டிக்காரி என்று சொன்ன ஊர் எனக்குச் செய்தது அதைத்தான்.

அதன் பலன் இன்ஜினியரிங் கல்லூரியில் தெரிந்தது. முதல் செமஸ்டரில், வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, எப்படி ஆரம்பிப்பது என்றே தெரியாத ஒரு கணக்கைப் பார்த்தேன். பள்ளியில் அறுபது மார்க் வாங்கிய பெண்கள் என்னைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். “ஒண்ணும் வெளங்கலடி” என்று சிரித்தார்கள், தலையைச் சொறிந்தார்கள், யாரிடமாவது கேட்டார்கள், மறுபடி தப்பாகப் போட்டார்கள், மறுபடி கேட்டார்கள். தெரியாமல் இருப்பதில் அவர்களுக்குப் பத்து வருஷப் பழக்கம் இருந்தது. எனக்கு ஒரு நாள் பழக்கம்கூட இல்லை. நோட்டை மூடி வைத்துவிட்டுக் காய்ச்சல் என்று விடுதியில் படுத்துக்கொண்டேன். அடுத்த வாரமும் காய்ச்சல் வந்தது. மூன்றாம் செமஸ்டரோடு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

பிறகு டிப்ளமோ படித்து, தேர்வு எழுதி, இன்று ஒரு தாலுகா ஆபீசில் நில அளவைப் பிரிவில் வரைவாளராக இருக்கிறேன். வேலையில் எனக்கு ஒரு குறையும் இல்லை, நிலத்தைக் கோடு கோடாகக் காகிதத்தில் இறக்குவது எனக்குப் பிடித்த வேலைதான். ஆனால் அன்றிலிருந்து, வராமல் போய்விடுமோ என்று தோன்றுகிற எதையும் நான் தொட்டதில்லை. ஸ்கூட்டி ஓட்டப் பழகியதே முப்பத்து மூன்று வயதில். அதுவும் ஆளில்லாத ரோடாகத் தேடிப் பிடித்து, வீட்டுக்காரரைக்கூடத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டுத்தான் பழகினேன். கீழே விழுவதில் எனக்குப் பயம் இல்லை, விழுவதை யாராவது பார்த்துவிடுவார்களோ என்றுதான் பயம்.

அந்த நோய் என் மகளுக்கு வரக் கூடாது. எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். அவள் முதல் ரேங்க் வாங்கவில்லை என்றாலும் பரவாயில்லை, தெரியாத ஒன்றின் முன்னால் ஓடாமல் உட்காரத் தெரிந்திருக்க வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்து சாப்பிட்டு முடித்ததும் அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். ஒரு வெள்ளைத்தாளில் ஒரு மனை வரைந்தேன். கீழக்குயில்குடிப் பக்கம் அளந்த மனைகளில் பாதி இப்படித்தான் கோணலாக இருக்கும். முன்பக்கம் பன்னிரண்டு மீட்டர். பின்பக்கம் எட்டு மீட்டர். ஒரு பக்கம் நேராகப் பத்து மீட்டர் போகிறது, எதிர்ப்பக்கம் சரிந்து வருகிறது. இதன் பரப்பு எவ்வளவு? அவளுக்குச் செவ்வகத்தின் பரப்பு மட்டும்தான் தெரியும், நீளத்தை அகலத்தால் பெருக்க வேண்டும். மற்றதை அவளாகக் கண்டுபிடிக்கட்டும் என்பது என் கணக்கு.

அரை நிமிஷத்தில், “நூத்தி இருபது” என்றாள்.

“இல்ல.”

“அப்ப எம்பது.”

“அதுவும் இல்ல.”

என்னை ஏறிட்டுப் பார்த்தாள். ஒரு கணக்கில் இரண்டு தடவை ‘இல்லை’ என்று அவளிடம் யாரும் சொன்னதில்லை. “நீ தப்பாக் குடுத்திருக்க” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “இது போர்ஷன்லயே இல்ல” என்றாள். அப்புறம் பென்சிலைத் தரையில் எறிந்தாள். நான் பென்சிலை எடுத்து மறுபடி தாளின் மேல் வைத்தேன். அவள் முகம் சுருங்கிப்போனது.

“அம்மா, எனக்கு வயிறு வலிக்குது.”

அது வயிற்றுவலி இல்லை, விடுதியில் எனக்கு வந்த காய்ச்சல். நான் பதினெட்டு வயதில் கண்டதை இவள் பத்து வயதிலேயே கண்டுகொண்டாள். ஐந்து வருஷமாக எல்லாக் கணக்கையும் சரியாகவே போட்டுப் போட்டு, தப்பு என்பது மற்றவர்கள் செய்வது, தான் சிவப்பு மையில் சுழிப்பது என்று நினைத்திருக்கிறாள். இப்போது அதற்கு ஸ்டூலும் போட்டுக் கொடுத்துவிட்டார்கள்.

“ஞாயித்துக்கெழமையும் அதுவுமா புள்ளைய ஏன் இம்சை பண்ற? ஊரே மெச்சுது, உனக்குத்தான் பொறுக்கல” என்றார் வீட்டுக்காரர். அவரோடு அன்று நான் பேசவில்லை.

மறுநாள் அரை நாள் லீவு போட்டுப் பள்ளிக்குப் போனேன். மிஸ்ஸை ஒரு பிடி பிடிப்பது என்ற முடிவோடுதான் போனேன். ஆனால் வெளியே வந்தவர் இருபத்தைந்து வயதுகூட நிரம்பாத பெண். தொண்டை கட்டிப்போயிருந்தது. திருப்பரங்குன்றத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறார். நான் சொன்னதை எல்லாம் நின்றபடியே கேட்டார்.

“மேம், நாப்பத்தி நாலு புள்ளைங்க. ஒரு நாளைக்கு ஏழு பீரியட்ல ஆறு எனக்குத்தான். நோட்டு திருத்தலைன்னா செக்கிங்ல என்னைய நிக்க வெச்சுக் கேள்வி கேப்பாங்க. உங்க பொண்ணு பத்து நிமிஷத்துல முடிச்சிட்டு என் மூஞ்சியவே பாத்துட்டு உக்காந்திருக்கா. அவளுக்கு நா என்ன குடுக்க? நீங்களே சொல்லுங்க மேம், செய்யறேன்.”

கிண்டலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டார். சீக்கிரம் முடித்துவிடுகிற பிள்ளையை என்ன செய்வது என்று அவருக்குப் பயிற்சியில் ஒருவரும் சொல்லித் தரவில்லை. கொண்டுபோன கோபத்தை அவர் மேல் இறக்க எனக்கு மனசு வரவில்லை. அவரே என்னைப் பிரின்சிபால் அறைக்குக் கூட்டிப் போனார்.

இறக்கி வைக்க வேண்டிய இடம் அங்கே இருந்தது. அறை முழுக்க ஷீல்டுகள். பிள்ளைகள் வாங்கியவைதான், ஆனால் ஒன்றுகூடப் பிள்ளைகள் வீட்டுக்குப் போகவில்லை, எல்லாம் கண்ணாடி அலமாரிக்குள் பூட்டிக் கிடந்தன. பிரின்சிபால் என்னை அன்பாகத்தான் வரவேற்றார்.

“உங்க பொண்ணு கிஃப்டட் சைல்டு மேடம். அந்த மாதிரிப் பிள்ளைங்களுக்குன்னே நம்மகிட்ட ஸ்டார் பேட்ச் இருக்கு. சேத்துருவோம்.”

ஸ்டார் பேட்ச் என்றால் சனிக்கிழமை வகுப்பு. நீல நிறத்தில் தனி டீஷர்ட். மாதிரி வினாத்தாள் ஒன்றை எடுத்துக் காட்டினார். நூறு கணக்கு, எட்டு நிமிஷம். கையில் ஸ்டாப்வாட்ச் வைத்துக்கொண்டு மிஸ் நிற்பாராம். நான் முதல் கணக்கிலிருந்து நூறாவது வரை விரல் வைத்துப் பார்த்தேன். அத்தனையும் பெருக்கல், அத்தனையும் மூன்றாம் வகுப்பிலேயே அவள் போட்டவை.

“சார், இதுல அவளால போட முடியாத கணக்கு எது?”

அவர் சிரித்தார். “போட முடியாத கணக்க எதுக்கு மேடம் குடுக்கணும்? கான்ஃபிடன்ஸ் போயிருமே.”

இந்த வரியை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். மேஜையைத் தட்டிவிட்டேன் என்று நினைக்கிறேன், அவருடைய பேனா ஸ்டாண்டு ஆடியது. படிக்க வந்த பிள்ளைக்குப் படிக்காத ஒன்றைக் கொடுக்கக் கூடாதாம்! திணறுகிற பிள்ளைக்கு மட்டும் தினமும் தெரியாததைக் கொடுப்பார்கள், கேட்டால் அதற்குப் பேர் பாடம். வேகமாகப் போகிற பிள்ளைக்குத் தெரிந்ததையே இன்னும் வேகமாகப் போடச் சொல்வார்கள், அதற்குப் பேர் ஸ்டார் பேட்ச். கெட்டிக்காரப் பிள்ளையின் மூளை பள்ளிக்கூடத்தின் சொத்து என்றே முடிவு செய்துவிட்டார்கள். போட்டி என்றால் அனுப்பி ஷீல்டு வாங்கலாம், அட்மிஷன் சமயத்தில் முகத்தை ஃப்ளெக்ஸில் போடலாம், ஆள் பற்றாக்குறை என்றால் நோட்டுத் திருத்த வைக்கலாம். அந்த மூளைக்குள் புதிதாக ஏதாவது போக வேண்டுமே என்ற கவலை மட்டும் அந்த அறையில் ஒரு மூலையிலும் இல்லை.

“எனக்கு ரெண்டே ரெண்டு விஷயம் வேணும் சார்” என்றேன். “எம் பொண்ணு இனிமே நோட்டுத் திருத்தக் கூடாது. அதுக்குப் பதிலா வாரத்துக்கு ஒரே ஒரு கணக்கு குடுங்க. கஷ்டமான கணக்கு. ஒரு வாரம் பூரா யோசிக்கட்டும். தப்பாப் போட்டாலும் சரி, போடாமலே போனாலும் சரி. வாட்ச் வேணாம், ஷீல்டு வேணாம்.”

“மார்க்க எதுல மேடம் போடறது?”

“மார்க்கே வேணாம் சார்.”

வீட்டில் ஏதாவது பிரச்சினையா இந்த அம்மாவுக்கு என்பதுபோல் என்னைப் பார்த்தார். “மத்த பேரண்ட்ஸ் கேப்பாங்களே, எங்க பிள்ளைக்கு ஏன் அது இல்லன்னு” என்றார்.

“மத்த பிள்ளைங்க கதை எனக்கு வேணாம் சார். எம் பொண்ணப் பத்திப் பேசத்தான் நா வந்திருக்கேன். நீங்க தேட வேணாம், அந்தக் கணக்க நானே எழுதிக் குடுத்து விடறேன்” என்றேன். மேனேஜ்மென்டில் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறார் போலும், பதில் வரவில்லை.

முதல் கோரிக்கையை மட்டும் உடனே நிறைவேற்றினார்கள். மறுநாள் காலையில் ஸ்டூலில் வேறொரு பெண் உட்கார்ந்திருந்தாள். என் மகளின் நிலைமை என்ன? கணக்கை முடித்ததும் கையைக் கட்டிக்கொண்டு, வாயில் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். தினமும் அரை மணி நேரம்.

அவள் என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், “உன்னாலதான்” என்று ஒரே வார்த்தை சொன்னாள். சொன்னதில் என்ன தப்பு? அவளிடம் இருந்ததைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் நானும் ஒன்றும் வைக்கவில்லை. பிரின்சிபாலிடம் வாய் கிழியப் பேசிவிட்டு வந்தேனே தவிர, அவளிடம் உட்கார்ந்து பேசினேனா? என் மீதே எனக்கு அசிங்கமாக இருந்தது.

கோணல் மனையை வரைந்த தாளை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்தேன். போடு என்று சொல்லவில்லை, போட்டாயா என்று கேட்கவும் இல்லை. நான்கு நாள் அந்தப் பக்கம் அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, தண்ணீர் பாட்டில் எடுக்கும்போதுகூடக் கண்ணை வேறு பக்கம் வைத்துக்கொண்டாள். ஐந்தாம் நாள் சாயங்காலம் நான் ஆபீசிலிருந்து வந்தபோது தாளில் பென்சிலால் ஒரு கோடு விழுந்திருந்தது. பின்பக்கத்தில் சரிவு தொடங்கும் இடத்திலிருந்து முன்பக்கத்துக்கு நேராக ஒரு கோடு. மனை ஒரு செவ்வகமாகவும் ஒரு முக்கோணமாகவும் பிரிந்திருந்தது.

எனக்கு வாய் துறுதுறுத்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், பிடித்துக்கொள்வாள். நாக்கைக் கடித்துக்கொண்டேன். அடுத்த ஒரு வாரம் அவள் பட்ட பாட்டைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேனே, அந்த அளவுக்கு எந்தப் பரீட்சைக்கும் நான் கஷ்டப்பட்டதில்லை. முக்கோணத்தை நாலால் பெருக்கினாள், பத்தால் பெருக்கினாள், அழித்தாள், தாளே கிழிந்துபோய் வேறு தாளில் வரைந்தாள். ஒரு நாள் அழுதாள். “சொல்லித் தொலையேன், என்ன கல்நெஞ்சுக்காரியா நீ?” என்றார் வீட்டுக்காரர். “கிட்டக்க வந்துட்டேனான்னு மட்டும் சொல்லும்மா” என்று அவள் கெஞ்சினாள். “நீயே பாரு” என்று சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

பத்தாவது நாளோ பதினோராவது நாளோ, கத்தரிக்கோல் சத்தம் கேட்டது. கூடத்தில் தரையில் உட்கார்ந்து நியூஸ்பேப்பரில் அந்த முக்கோணத்தை இரண்டு தடவை வெட்டியிருந்தாள். ஒன்றைத் திருப்பி இன்னொன்றோடு சேர்த்து வைத்தாள். நாலுக்குப் பத்தில் ஒரு செவ்வகம் வந்தது. ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ரெண்டு சேந்தா நாப்பது. அப்ப ஒண்ணு இருவது. எம்பதும் இருவதும் நூறு.”

நான் வாயைத் திறந்தேன். அவள் கையை நீட்டித் தடுத்தாள்.

“சரியான்னு சொல்லாத. எனக்கே தெரியும்.”

அன்று நான் அழுதேன், வெட்கமில்லாமல் வீட்டுக்காரர் முன்னாலேயே அழுதேன். பிள்ளை தப்பித்துவிட்டாள் என்று தோன்றியது. அந்த மனுஷனும் என்ன நினைத்தாரோ, கிழிந்த பேப்பர் துண்டுகளைக் குப்பையில் போடாமல் எடுத்து அலமாரியில் வைத்தார்.

அதற்குப் பிறகு ஃப்ரிட்ஜ் கதவில் வாரம் ஒரு தாள் ஒட்டினேன். சிலதைப் போட்டாள், இரண்டை விட்டுவிட்டாள், ஒன்று இன்னும் ஒட்டியபடி இருக்கிறது. வகுப்பில் கையைக் கட்டி உட்காரும் அரை மணி நேரத்தில் அதை மனதுக்குள் போட்டுப் பார்ப்பதாகச் சொன்னாள். பள்ளிக்கூடம் தண்டனையாகக் கொடுத்த நேரத்தில்தான் அவள் அந்த வருஷத்தின் கணக்கையே கற்றுக்கொண்டிருந்தாள். சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று எனக்குத் தெரியவில்லை.

காலாண்டுத் தேர்வுக்கு முந்தின வாரம் அவளுடைய வீட்டுப்பாட நோட்டைத் தற்செயலாகப் புரட்டினேன். ஒரு தோட்டம், பத்துக்கு எட்டு, ஒரு மூலையில் நாலுக்கு மூன்று வெட்டுப்பட்டிருக்கிறது. பரப்பு கேட்டிருந்தார்கள். தோட்டத்தை இரண்டு துண்டாக்கிக் கூட்டுவதுதான் புத்தகத்தில் இருக்கும் வழி. ஐம்பதும் பதினெட்டும் அறுபத்தெட்டு. என் மகள் முழுத் தோட்டத்தையும் எண்பது என்று போட்டு, இல்லாத மூலையின் பன்னிரண்டைக் கழித்திருந்தாள். அதே அறுபத்தெட்டு. ஒரே வரியில் முடித்திருந்தாள். அதன் குறுக்கே, பக்கம் முழுக்க, சிவப்பு மையில் பெரிதாக ஒரு ராங்கு.

“யாருடி இது?”

“புது குட்டி மிஸ்.”

எனக்குக் கண் மண் தெரியவில்லை. விடை சரியாக இருக்கிறது, அதற்கு மேல் பாதை அழகாக இருக்கிறது, அதை ஒரு பத்து வயதுப் பிள்ளை அடித்துப் போட்டிருக்கிறாள், கையெழுத்துப் போடும்போது மிஸ்ஸும் பார்க்கவில்லை. “நாளைக்கு வாரேன் உன் ஸ்கூலுக்கு. அந்தப் பிரின்சிபால் மூஞ்சில இந்த நோட்ட வீசறேனா இல்லையான்னு பாரு” என்று கத்தினேன்.

“வேணாம்மா” என்றாள் அவள். “அவ என்ன செய்வா? மிஸ் ஆன்சர் கீ குடுப்பாங்க. கீல இருக்கற மாதிரி ஸ்டெப் இல்லேன்னா ராங்கு போடணும். விடையப் பாக்கக் கூடாது. நானும் அப்படித்தான் போட்டேன்.”

“நீயுமா?”

“ம்.” நோட்டின் ஓரத்தை மடித்து மடித்து விரித்துக்கொண்டிருந்தாள். “கடைசி பெஞ்சுல ஒருத்தி இருக்கா. ஸ்டெப்பே எழுத மாட்டா. ஓரத்துல சின்னச் சின்னதாப் படம் போடுவா, கட்டம் கட்டமா. அப்பறம் விடைய மட்டும் எழுதுவா. விடை சரியாத்தாம்மா இருக்கும். எப்பவுமே சரியாத்தான் இருக்கும். நா திருத்தின அத்தனை நாளும் ராங்குதான் போட்டேன். ஒருக்க அவ ஸ்டூல்கிட்ட வந்து, இது ஏன் தப்புன்னு கேட்டா. ஸ்டெப் இல்ல, போ அப்படின்னுட்டேன்.”

“அப்பறம்?”

“இப்ப அவ படம் போடறதில்ல. பக்கத்துல இருக்கறவளப் பாத்து எழுதிடறா.”

என் கையில் இருந்த நோட்டை மேஜையில் வைத்தேன். பத்து நாள் ஒரு முக்கோணத்தோடு மல்லுக்கட்டி என் மகள் வந்து சேர்ந்த இடத்தில், அந்தக் கடைசி பெஞ்சுப் பிள்ளை யாரும் சொல்லித் தராமலே இருந்திருக்கிறாள். அவளைக் கிஃப்டட் சைல்டு என்று யாரும் சொல்லவில்லை. அவளுக்காக லீவு போட்டுவிட்டு வந்து மேஜையைத் தட்ட யாரும் இல்லை. அவள் விடைகளைச் சிவப்பு மையில் அடித்தவள் என் பிள்ளை.

நான் ஐந்து வருஷம் திருத்தினேன். ஒரு வகுப்புக்கு ஐம்பது நோட்டு. ஆன்சர் கீயை இடது கையில் பிடித்துக்கொண்டு அதற்கும் நோட்டுக்கும் மாற்றி மாற்றிப் பார்த்தது மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது, ஒரு நோட்டில்கூட அந்தப் பிள்ளை என்ன நினைத்து எழுதியது என்று படித்த ஞாபகம் இல்லை. எனக்கு ஒன்றும் கொடுக்கவில்லையே என்று இருபது வருஷமாக ஊர் மேல் கோபமாக இருக்கிறேன். என் கையால் எத்தனை பேர் படம் போடுவதை நிறுத்தினார்கள் என்று ஒரு நாளும் கேட்டுக்கொண்டதில்லை.

“நாளைக்கு அவகிட்ட பேசணும்மா” என்றாள் மகள். “ஆனா என்ன சொல்றதுன்னு தெரியல. என்னம்மா சொல்ல?”

பிரின்சிபாலிடம் அவ்வளவு பேசியவள் நான்.

“எனக்கும் தெரியலடி” என்றேன்.